எர்மெலிண்டாவின் அடுப்புக்கு நன்றி

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்

முதலில் என் திருட்டுத்தனத்தை எழுதிவிடுகிறேன். இன்று ராஜாக்கள் ரொட்டி வெட்டினோம். என் துண்டுக்குள்தான் பிளாஸ்டிக் குழந்தை இயேசு இருந்தார். பொம்மை யாருக்கு வருகிறதோ அவர் மெழுகுதிரித் திருநாளன்று தெருவுக்கே தமாலே அவித்துப் போட வேண்டும். முப்பது பேருக்குச் சோளமாவு பிசைந்து, தோகையில் மடித்து… யாரால் ஆகும்? சட்டென்று நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில்!

மாட்டிக்கொண்டது எப்படி? பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

"தோமாசா ரெண்டு நிமிஷமா வாயத் தொறக்கல. அவகிட்டதான் இருக்கு," என்று என் வீட்டுக்காரர் ஃபிதென்சியோவே காட்டிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு எர்மெலிண்டா என் கன்னத்தை அமுக்கினாள். பொம்மை மேஜையில் விழுந்தது. "எச்சி பண்ணிட்டியே கொமாத்ரே, இனி அவரு ஒனக்குத்தான்," என்றாள். என் மூத்தவளுக்கு அவள் ஞானத்தாய். முப்பது வருடமாக ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம்.

ஜனவரி 7

பொம்மையைக் கழுவி ஏப்ரன் பையில் போட்டிருக்கிறேன். மறக்காமல் இருக்க.

ஜனவரி 11

இன்று செய்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மெழுகுதிரித் திருநாளுக்கு எல்லா வீட்டுக் குழந்தை இயேசு சுரூபத்துக்கும் புதுச்சட்டை போட்டுக் கோவிலுக்கு மந்திரிக்கத் தூக்கிப் போவோம். எர்மெலிண்டா அவள் வீட்டுச் சுரூபத்துக்கு வந்த சட்டையை இன்று கடைசிப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். வடக்கே எல்லைக்கு அப்பால் இருக்கும் மகன் அனுப்பியது. சிவப்பு வெல்வெட், பொன் ஜரிகை, உட்கார ஒரு குட்டி நாற்காலி. நாற்காலி! என் வீட்டில் மனிதர் உட்காருவதே ஆடுகிறது. எங்கள் சுரூபத்துக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்னவன் பல் முளைக்கிற காலத்தில் கடித்துவிட்டான்.

"எப்படி இருக்கு, கொமாத்ரே?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"ஒம்பது வருஷமா ஒன் மகனுக்கு அம்மாவப் பாக்க வர வழி தெரியல, வெல்வெட்டுக்கு மட்டும் வழி தெரிஞ்சிருக்கே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் துணியை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவனிடம் அந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லை, இங்கே வந்தால் அங்கே திரும்ப நுழைய முடியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். ஊரையே கேலி பண்ணுகிறவள்தான் நான், ஆனால் என் கேலியில் இதுவரை விஷம் இருந்ததில்லை. ஏன்டி தோமாசா? ஒரு துணிக்காகவா?

ஜனவரி 12

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 17, சனி

பாவசங்கீர்த்தனம். நான் சொல்லி முடிப்பதற்குள் பங்குச் சாமியார் எலியோதோரோ, "பொறாமை," என்றார். கேலி என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

"தினம் நன்றி சொல்லிச் செபம் பண்ணுங்க."

"அது பண்றேனே சாமி."

"ஒங்க வீட்டுக்காக இல்லம்மா. அவங்க வீட்டுல இருக்கறதுக்காக."

பத்து ஜெபமாலை சொல்லச் சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன்.

ஜனவரி 18

ஆண்டவரே, எர்மெலிண்டாவின் கேஸ் அடுப்புக்காக நன்றி. (பல்லைக் கடித்துக்கொண்டு.)

ஜனவரி 19

அவளுடைய குளிர்பெட்டிக்காக நன்றி. வெல்வெட்டுக்காகவும். நாற்காலியை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 21

நாற்காலி, ஓட்டுக்கூரை, நரைக்காத முடி. எல்லாம் சொல்லியாயிற்று. கொஞ்சம் சுலபமாகத்தான் வருகிறது. அவள் முடிக்கு நானே எண்ணெய் தேய்த்துவிட்டவள்தானே.

ஜனவரி 23

இன்று நன்றி சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண்ணை மூடி அவள் வீட்டுக்குள் அறை அறையாக நடந்து பார்த்தேன். அடுப்பில் ஒரே ஒரு சட்டி. மேஜையில் ஒரு தட்டு. மகன் கட்டில் விரித்தபடியே இருக்கிறது. சுரூபத்துக்குச் சட்டை போடாமல் வேறு யாருக்குப் போடுவாள்?

அப்போது என் வீட்டில் சின்னவன் செருப்பைக் காணோமென்று கத்துகிறான், மூத்தவள் பிள்ளைகளோடு வந்து குழம்பை வழித்துக்கொண்டிருக்கிறாள், ஃபிதென்சியோ சிமென்ட் காலோடு உள்ளே வருகிறார். "காலக் கழுவுய்யா!" என்று நானும் கத்தினேன்.

எனக்கென்று நன்றி சொல்ல ஆரம்பித்தால் இந்த நோட்டு பத்தாது.

பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள்

விடிந்ததிலிருந்து விறகடுப்பில் தமாலே. மூன்று மணி நேரம் ஆகியும் மாவு மாவாகவே இருந்தது. ஃபிதென்சியோ மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கோ மனசுல கோவம். அதான் வேகல. பானையச் சுத்தி ஆடு," என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், ஆடினால் வெந்துவிடுமாம். ஆடினேன். வேகவில்லை.

ஏப்ரனோடு போய் எர்மெலிண்டாவின் கதவில் நின்று சத்தமாகச் சொன்னேன். "கொமாத்ரே, தமாலே வேகல. தப்பு என் மேல."

கதவு திறந்தது. "யாரு மேல கோவம்?"

"கோவமில்ல. பொறாம. ஒன் மேல. அடுப்பு, வெல்வெட்டு, நாற்காலி… அதான் ஒன் பிள்ளையப் பேசிட்டேன். மன்னிச்சிரு."

"கிறுக்கி. அடுப்ப எடுத்துக்கோ. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒன் வீட்டுல கேக்கற சத்தத்துல பாதிய எனக்குக் குடு," என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு பானையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்து அவள் கேஸ் அடுப்புக்குத் தூக்கிப் போனோம். ஒரு மணி நேரத்தில் பஞ்சாக வெந்துவிட்டது. விறகு ஈரம் என்கிறார் ஃபிதென்சியோ. இருக்கட்டும்.

கோவிலில் இரண்டு சுரூபமும் பக்கத்தில் பக்கத்தில். வெல்வெட் அழகாகத்தான் இருந்தது. எங்களுடையவர் பழைய வெள்ளைச் சட்டையில், எட்டு விரலோடு, சிரித்துக்கொண்டிருந்தார்.

பந்தி எங்கள் வீட்டில். இனி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எர்மெலிண்டாவுக்கு இங்கேதான். பிள்ளைகள் இப்போதே அவள் மடியில்.

ஏப்ரன் பையில் பொம்மையைக் காணவில்லை. மாவு பிசையும்போது இருந்தது.

சாமியார் எலியோதோரோ இரண்டாவது தமாலேயை வாயில் வைத்தார். நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்கிறவர், பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் எர்மெலிண்டாவுக்கும் உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பொம்மையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பக்கத்தில் உடைந்த ஒரு பல்லையும் வைத்தார்.