உன் வண்டியில் கழற்றியவை

கை இன்னும் கிராம்பு மணக்கிறது, மாமே. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சின்ன வயதில் உன் மகள் ஜென்சிக்குக் கார் என்றாலே குமட்டும் என்று, டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் தடுப்புக்குப் பின்னால் ஒரு துணியில் கிராம்பு முடிந்து சொருகி வைத்தாயே, அதே முடிச்சுதான். இன்று மத்தியானம் அந்தத் தடுப்பை என் வண்டியிலிருந்து கழற்றி உன் வண்டியில் திருப்பி மாட்டும்போது துணி கிழிந்து கையெல்லாம் உதிர்ந்துவிட்டது. உன் சாமான் என் வண்டிக்கு எப்படி வந்தது என்று இனி நீ கேட்கப் போவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

நாம் பழகியதே கழற்றி மாட்டுகிற வேலையில்தானே. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஷோரூமில், ஹெட்லைட்டின் ஒரு கொக்கி உடைந்ததற்கு முழு விளக்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு விலையும் சொன்னார்கள். நான் முழி பிதுங்கி நின்றேன். பக்கத்தில் அதே மாடல், அதே சாம்பல் நிற வண்டியோடு நீ. "கண்ணாடி ஒட்ஞ்சா தலையவே மாத்தணும்ன்றான், பாத்தியா நைனா? வா, நான் இட்டுகினு போறேன்" என்று, பெயர்கூடக் கேட்காமல் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு என்னைக் கூட்டிப் போனாய். கரூரிலிருந்து வந்து, முகப்பேர் ஃபிளாட்டில் எதிர்வீட்டுக்காரர் முகம் தெரியாமல் இருந்தவன் நான். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மனிதன் நீதான்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! நீ சர்ச்சில் காலைப் பூசை முடித்து வருவாய். மலை மாதிரி குவிந்த பழைய கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவே நடப்போம். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் கடைக்காரரிடம் நீ முதலில் கேட்கும் கேள்வி விலை இல்லை. "இந்த வண்டி ஓனரு உசுரோட கீறாரா பாய்?" அவர் சிரிப்பார். எனக்கு மானம் போகும். ஒருநாள் கேட்டேவிட்டேன், இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று. நீ சிரிக்கவில்லை. "செத்தவன் வண்டி சாமான் வோணாம் மாமே. அந்த ஊட்ல எவனாவது அத்த தேடிகினு இர்ப்பான்" என்றாய்.

கம்பெனி அந்த மாடலையே நிறுத்திய பிறகு நாம் இன்னும் நெருக்கமானோம். உன்னிடம் என் சாவி, என்னிடம் உன் சாவி. என் கண்ணாடி உடைந்தால் உன் கண்ணாடி என் வண்டிக்கு வந்துவிடும். வேறு கிடைக்கும்வரை நீ மொட்டையாக ஓட்டுவாய். கேட்பது என்பதே நமக்குள் கிடையாது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று சொன்னால் பழியை உன்மேல் போட்டதாகிவிடும். வேண்டாம்.

நீ திடீரென்று செத்துப்போனபோது உன் மனைவி ஸ்டெல்லா சிஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வாரம் ஒருவாட்டி வந்து அவுரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்கண்ணா. அதுவும் நின்னுபோச்சின்னா என்னால தாங்க முடியாது." சரி என்றேன். வந்தேன். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் செய்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் என் வைப்பர் மோட்டார் எரிந்துபோனது. உன்னுடையது சும்மாதானே இருக்கிறது, அடுத்த வாரம் வாங்கி மாட்டிவிடலாம் என்று அதைக் கழற்றிக்கொண்டு, எரிந்ததை அந்த இடத்தில் வைத்தேன். அடுத்த வாரம் வரவே இல்லை. நீ இல்லாமல் புதுப்பேட்டைக்குப் போக மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். த்தூ, சோம்பேறித்தனத்துக்குத் துக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன்! அப்புறம் ஜன்னல் ஸ்விட்ச். அப்புறம் கிராம்பு முடிச்சோடு அந்தத் தடுப்பு. கடைசியாகப் போன மாதம் இக்னிஷன் காயில். அது போனால் இன்ஜின் பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதன் பிறகும் வாராவாரம் பட்டாபிராமில் உன் வீட்டுக்கு வந்து, வண்டிமேல் மூடிய கவரைத் தூக்கி, ஓடாத வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனேன்.

இன்று காலை ஜென்சி போன் செய்தாள். லைசென்ஸ் வந்துவிட்டதாம். அம்மாவை முதன்முதலாக அப்பா வண்டியில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசையாக உட்கார்ந்திருக்கிறாள். "ஸ்டார்ட்டே ஆவல அங்கிள். மெக்கானிக் வந்து பாத்துட்டு, நல்ல சாமான எல்லாம் யாரோ கழட்டிட்டு எரிஞ்சத வச்சிகீறாங்கன்னு சொல்றாரு. அப்பா வண்டில போய் யாரு அங்கிள் கை வைப்பாங்க?"  செத்தவன் சாமானைத் தேடுகிற வீடு என்று நீ சொன்னாயே, மாமே, அது உன் வீடாகவே ஆகிவிட்டது.

உடனே கிளம்பினேன். உன் வண்டிக்கு எதிரே என் வண்டியை நிறுத்தி இரண்டு பானெட்டையும் திறந்தேன். "நான்தான் ஜென்சி கழட்டினேன்" என்றேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், திட்டியிருந்தால் தேவலை. காயில், தடுப்பு, ஸ்விட்ச், மோட்டார் எல்லாவற்றையும் வெயிலில் நின்று திருப்பி மாட்டினேன். என் பேட்டரியிலிருந்து உன் பேட்டரிக்கு ஒயர் போட்டு உயிர் கொடுத்ததும் வண்டி பிடித்தது. சாயங்காலப் பூசைக்கு நேரம் இருந்ததால் ஜென்சி தெருவில் ஓட்டிப் பார்க்கப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

சிஸ்டர் மாடிப்படியின் அடியில் நின்றிருந்தார். "மன்னிச்சிருங்க சிஸ்டர், கேக்காம எடுத்துட்டேன்" என்றேன்.

"போன மாசத்துலேருந்து வண்டி சத்தமே வரல. எனுக்குத் தெரியாதாண்ணா?" என்றார். "அத்த வுடுங்க, இரும்புதான. கேட்ருந்தா மொத்த வண்டியவே குட்த்திருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் கீழ கார் கதவு சத்தம் கேட்டா, இன்னிக்கி மேல வருவீங்கன்னு டீ போடுவேன். ஜென்சி எட்டிப் பாத்துட்டு, அங்கிள் பூட்டாரும்மான்னுவா. நாங்க ரெண்டு பேர் இங்க கீறோம். நீங்க வண்டியத்தான் பாத்துட்டுப் போனீங்க."

 என்னிடம் இருந்த உன் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

காயில் இல்லாத என் வண்டி இப்போது உன் தெருவில் ஓடாமல் நிற்கிறது. நான் ரயிலில் அம்பத்தூர் வந்து, பஸ் பிடித்து வீடு சேர்ந்தேன். வண்டியை எடுக்க ஆள் அனுப்பிவிடலாம். ஆனால் வருகிற ஞாயிறு நானே போகிறேன், மாமே, நேராக மாடிக்கு. ஸ்பானர் பை இல்லாமல் உன் வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. கதவு திறந்ததும் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.