வாசலில் ஒலிவ வளையம்

தோழி மெலித்தாவுக்கு, தேயோஸிலிருந்து தேயானோ. நீயும் உன் மகனும் நலமாக இருக்க வேண்டும்.

இதை யாரிடமும் காட்டாதே, உன் கணவரிடம்கூட. படித்ததும் பலகை மெழுகைத் தேய்த்து எழுத்தை அழித்துவிடு. பள்ளியில் ஆசிரியர் வருமுன் தேய்ப்போமே, அப்படி.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, அம்மாவின் வயிற்றில் இருப்பது ஆணாக இருக்கட்டும் என்று எல்லாக் கோயிலிலும் வேண்டினோம். ஆண் என்றால் வீடும் தோட்டமும் அவனுக்கு. இல்லாவிட்டால் சட்டப்படி அவை என்னோடு சேர்த்துப் பெரியப்பாவுக்கு. நான் அவருக்கு மனைவியாக வேண்டும். மெலித்தா, அவர் தோளில் உட்கார்ந்துதான் நான் திருவிழா பார்த்திருக்கிறேன்.

பிறந்தது பெண். பெண் பிறந்ததற்கு அடையாளமாக வாசலில் கட்ட மருத்துவச்சி சத்திரா கம்பளி நூலை எடுத்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அத வை. ஒலிவக் கிளை ஒடிச்சிட்டு வா. பெத்தவ சொல்றேன், இது ஆம்பளப் புள்ள."

"துணிய வெலக்கினா தெரிஞ்சிடுமேடி," என்றாள் சத்திரா.

"தீட்டு வீட்டுக்குள்ள எந்த ஆம்பள வர்றான்னு பாக்குறேன்."

ஆண் பிறந்த வீட்டுக்கு உரிய ஒலிவ வளையம் எங்கள் வாசலில் தொங்குகிறது. தெருவே வாழ்த்துகிறது. பெரியப்பா மட்டும் கைத்தடி நுனியால் அதை அசைத்துப் பார்த்து, "பயலுக்கு அழுகை பொட்டப் புள்ள மாதிரி இருக்கே," என்று சிரித்தார். நாளை பெயரிடும் நாள். உறவினர் முன் குழந்தையை அடுப்பைச் சுற்றித் தூக்கி வரப்போகிறவர் அவர்தான்.

குயவர் தெருவில் ஓர் அடிமைப் பெண்ணுக்கு ஆண் பிறந்திருக்கிறது. வளர்க்க வேண்டாம், குப்பைமேட்டில் போடு என்று அவள் எசமானர் சொல்லிவிட்டாராம். அவனை எடுத்துவர சத்திரா இருட்டியதும் போனாள். இன்னும் திரும்பவில்லை.

அவன் வரும் கூடையிலேயே என் தங்கை விடியுமுன் உங்கள் கியோஸ் தீவுக்குப் போகும் படகில் உன்னிடம் வருவாள். இந்தப் பலகை அவள் காலடியில் இருக்கும். உன் மகனுக்குப் பால் கொடுக்கும்போது இவளுக்கும் கொடு. இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது. அதை அவளிடம் ஒருநாள் சொல். அம்மா அவளை மார்பிலிருந்து இறக்கவே இல்லை. நான்தான் பிடுங்க வேண்டும்.

உனக்கு இனி ஆண் பிறந்தாலும் பெண் பிறந்தாலும், அது உன்னிடமே இருக்கட்டும்.

கதவுச் சத்தம். சத்திரா நகத்தால் சுரண்டுவதாகத்தான் பேச்சு. இது கைத்தடியால் இடிக்கிற சத்தம். தங்கை விழித்து