கல்லடி எறிக்கா

அன்பு மகளுக்கு,

முகநூலில் நீ அக்கா என்று அழைக்கும் கல்லடி எறிக்கா என்றொருத்தி இல்லை. அது நான்தான்.

வாவி மீன்களைப் பற்றி நானே அச்சடித்த புத்தகம் விலைபோகவில்லை. விளம்பரம் செய்ய வசதியுமில்லை. செங்கலடிக் கடைக்காரர், "ஒருத்தரும் புரட்டியும் பாக்கல்ல சேர், கொண்டு போங்க" என்று பிரதிகளைத் திருப்பித் தந்தார். அன்றுதான் ஒரு பெண்ணின் பெயரில் கணக்குத் திறந்து, என் புத்தகத்தை நானே புகழ்ந்து எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு அவளுக்கு நீ நன்றி எழுதுவாய் என்று நான் எண்ணவில்லை. பிறகு மனம்விட்டு எழுதத் தொடங்கினாய். நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நீ அப்படி எழுதியதே இல்லை என்பதால், கூச்சமின்றிப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளிடம் கேட்டிருந்தாய்: "அக்கா, கல்லடியில அப்பாவக் கண்டா ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. இத்தின மீனையும் பேர் பேரா எழுதின மனுசன், என்னய நினைச்சு ஒருநாளாவது தேடுறாரா?"

எறிக்காவின் பெயரிலேயே பதில் எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

ஓம் மகள், தேடுகிறேன். இதை நம்பு என்று கேட்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

வெட்கத்துடன்,
அப்பா