காலியாக விட்ட கட்டம்

செப்டம்பர் 1988, புதன் இரவு.

புரோகிராம் எழுதத் தெரியாமலே கம்ப்யூட்டரில் நானாக ஓர் அட்டவணை அமைத்திருந்தேன். ரப்பர் கன்று ரகங்களின் இலைநோய் விவரத்தைக் கட்டங்களில் போட்டால், நோய் குறைந்த ரகத்தை முதலில் காட்டும். இன்றுதான் கவனித்தேன். முதலில் நிற்கும் ரகத்தை யாரும் சோதிக்கவே இல்லை. நான் காலியாக விட்ட கட்டத்தை அது ‘நோயில்லை’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தன் தோட்டத்தில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, கோலா கங்சார் ஊர் மாணிக்கம் என் நாற்றுப்பண்ணையில் வாங்கிப்போனது அந்த ரகத்தைத்தான். உடனே போன் செய்து, நடவேண்டாம் என்றேன்.

“நட்டு முடிச்சாச்சு அண்ணே. கம்ப்யூட்டர் சொன்னா தப்பாகுமா லா? பக்கத்து நிலத்துக்காரங்களும் அதையே கேக்குறாங்க.”

தளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு. இலையில மட்டும் என்னமோ புள்ளி. மழைத்தண்ணி பட்டதா இருக்கும்.”