திமிங்கலம் வாசலைத் தாண்டவில்லை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் வாண்டு மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் கட்டிலின் மேலிருந்து ஒரு ஜோடிக் காது, கட்டிலின் அடியிலிருந்து ஒரு ஜோடிக் காது, எனக்கென்று பேச ஒரு மூலை கிடையாது. அதனால் அரிசி வேகிற நேரத்தில் அடுப்படியில் நின்றபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு வலது கை இன்னும் சரியாகவில்லை. பேச்சு தேறிவிட்டது, வார்த்தை மெதுவாக வந்தாலும் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்துகிறது. மருந்து மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன், அதில் நீ கவலைப்படாதே. நான் கண்ணில் படாவிட்டால்தான் அவளுக்குப் பதற்றம். குப்பை கொட்டக் கீழே இறங்கினால் பாதிப் படியில் என்னங்க என்று குரல் கேட்கும், மூச்சிரைக்க ஓடி வந்தால், ஒண்ணுமில்ல, இருக்கீங்களான்னு பாத்தேன் என்பாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா வந்து கொஞ்ச நேரம் உட்காருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். உன் அம்மா கேட்டால்தானே, வாய் கோணியிருப்பதை ஒருவரும் பார்க்கக் கூடாதாம். உடம்புக்கு வந்ததிலிருந்து என்னையும் வாண்டையும் டாக்டரையும் தவிர அந்த அறைக்குள் யாரும் கால் வைத்ததில்லை.

இப்போது வாண்டின் பிறந்தநாள் விஷயம். எல்லாம் நீ அனுப்பிய கிணற்றுத் திமிங்கலப் புத்தகத்தால் வந்த வினை. மழையோடு மழையாகக் கிணற்றில் வந்து விழுந்த குட்டித் திமிங்கலம் அங்கேயே வளர்ந்து பெருத்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது, தண்ணீர் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் வெளியே என்ன இருக்கு என்று கேட்கிறது, அவர்கள் சொல்வதைக் கேட்டே காலத்தை ஓட்டுகிறது, கடைசியில் பெருமழை வந்து கிணறு நிரம்பி வழிந்து அது கடலுக்குப் போய்விடுகிறது. இதை உன் மகளுக்கு எத்தனை முறை படித்துக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிறந்தநாளும் அதே மாதிரிதான் நடக்க வேண்டும், கடையில் எதுவும் வாங்கக் கூடாது, எல்லாம் நாமே செய்யணும் தாத்தா என்று உத்தரவு. தையற்காரம்மா கொடுத்த நீலத் துண்டுத்துணிகள்தான் தண்ணீர், பழைய செய்தித்தாளில் மீன்கள். குக்கரிலேயே கேக் செய்து பழகுகிறேன், முதல் கேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றாள் உன் அம்மா. இரண்டாவது பரவாயில்லை.

திமிங்கலத்தைத்தான் சொல்ல வந்தேன். ஹாலில் செய்திருக்க வேண்டும், ஆனால் நான் ஹாலில் இருந்தால் என்னங்க, என்னங்க என்று குரல் வந்துகொண்டே இருக்குமே, அதனால் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாயை வளைத்து எலும்பு கட்டி, பிரிட்ஜ் பெட்டி அட்டையை மேலே போர்த்தி, நீலப் பெயின்ட் அடித்து, வால் வைத்து, கண் வைத்து முடித்தேன். நாமே மெச்சிக்கொள்ளக் கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு கிளம்பினால் வாசலில் இடிக்கிறது. சாய்த்தேன், திருப்பினேன், ரிவர்ஸில் எடுத்தேன், அசைய மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் சரக்கு லாரியைச் சந்து பொந்தில் கீறல் படாமல் நுழைத்தவன் ஒரு அறை வாசலை அளக்க மறந்துவிட்டேன். உன் அம்மா சிரித்தாள் பார், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று, எனக்குக் கோபப்படவும் வரவில்லை. வெட்டி எடுத்து வெளியே ஒட்டிவிடலாம் என்று கத்தியை எடுத்ததும் வாண்டு அதைக் கட்டிக்கொண்டு ஒரே அலறல். விழா இங்கேயே நடக்கட்டும் என்கிறாள். விழாவுக்குக் கூப்பிட்ட பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவதா என்று நான் உன் அம்மா முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடியே, வரட்டும், அன்னிக்கு எனக்குத் தலை மட்டும் நல்லா வாரி விடுங்க என்றாள். நானும் தினமும் பின்னிப் பழகுகிறேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. திமிங்கலத்துக்குள் உட்கார்ந்து குரல் கொடுக்க ஆள் வேண்டும், நான்தானாம். நான் வாண்டிடம், எப்பவும் ரூமுக்குள்ளேயே இருக்கிறது பாட்டிதானே, அவங்க பேசட்டுமே என்று விளையாட்டாகச் சொன்னேன். அதற்கு அவள், பாட்டி ஒண்ணும் கேக்கறதில்ல தாத்தா, நீங்கதான் பால்காரர்கிட்ட, சிலிண்டர் கொண்டு வர்றவர்கிட்ட எல்லார்கிட்டயும் வெளிய என்னப்பா நடக்குது, ரோடு எப்படியிருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க என்று சொல்லிவிட்டு மீனுக்குக் கண் ஒட்டப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் அம்மாடி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது. உன் அம்மா மேல் வெறுப்பில்லை, உன் பெண் எனக்கு உயிர், இருந்தும் இந்தச் சுவர்கள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. போனில் நீ கேட்கும்போதெல்லாம் எனக்கென்ன குறை என்கிறேனே, அதை நம்பாதே. என்னோடு வண்டி ஓட்டிய கூட்டாளி ஒரு நடை வாப்பா, ஸ்டியரிங் வேண்டாம், பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நீ வந்து கொஞ்ச நாள் அம்மா பக்கத்தில் இருந்தால் நான் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவேன். ஓடிப்போய்விட மாட்டேன், பயப்படாதே. அங்கே விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எனக்கும் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிறந்தநாளன்று சாயங்காலம் போன் போடு, ஸ்பீக்கரில் வைப்பார்கள், வருகிறவர்கள் எல்லாரும் திமிங்கலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது உன் மகளின் சட்டம், நீயும் சொல்ல வேண்டும். நான் உள்ளே இருந்து வெளியே என்ன இருக்கு என்று கேட்பேன். வர முடியும் என்றால் மழை வருது என்று சொல், எனக்கு மட்டும் புரியும். முடியாவிட்டால் காற்று, வெயில், காக்கா என்று எதையாவது சொல், நான் அட்டைக்குள்தானே இருப்பேன், என் முகம் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா