தேவராஜின் கழுத்தும் என் கையெழுத்தும்

12-8-1998, புதன்

பட்டாளத்தில் லாரி கவிழ்ந்து என் மனைவியின் தம்பி தேவராஜுக்குக் கழுத்தில் அடி. ஊனப் பென்ஷன் விஷயமாக இன்று அவனோடு கோலார் ஆபீசுக்குப் போனேன். கிளார்க், ஃபாக்டரி அனுப்பிய அவனுடைய பழைய வேலை மனுவை எடுத்துக் காட்டினார்.

"கழுத்து பூரா குணமாயிடுச்சுன்னு ஃபாக்டரிக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இன்னா பென்ஷன்? யார் எழுதினது இது?"

எழுதியவன் நான். வலி என்று சொன்னால் வாட்ச்மேன் வேலை கிடைக்காது என்று மிரட்டி, அவனிடம் கையெழுத்து வாங்கியதும் நான்.

"நான்தான் சார்," என்றான் தேவராஜ்.

பொய் மனு எழுதியவன் என்று தெரிந்தால் என் கடை லைசென்சுக்கு வம்பு வருமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. பென்ஷன் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே சோடா வாங்கிக் கொடுத்தேன். அண்ணாந்து குடிக்க முடியாமல் ஸ்ட்ரா கேட்டான்.

"நீங்க எழுதினதுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அது உங்களோட பேசாது."

சரிப்பா என்றேன். ஆபீசில் அவன் சொன்ன பொய்க்கு ஒத்துக்கொண்டது போல அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.