காலி செய்த கார்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

எங்களைப் போன்ற விடுதிக் காப்பாளர்களுக்குப் புகைப்படப் பயிற்சி வைத்தார்கள். முன்னதாகச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் கொடுத்தார்கள். வரிசைப்படி பேட்டரியை சார்ஜ் செய்தேன். கேமராவில் தேதியைத் திருத்தினேன். மெமரி கார்டைக் காலி செய்தேன். நான்காவது வரியைப் பிறகுதான் படித்தேன்: 'அழிக்கும் முன் பழைய படங்களைக் கணினியில் சேமிக்கவும்.' கேள்வித்தாளை முழுதும் படித்துவிட்டுப் பேனாவை எடு என்று நம் கான்வென்ட் பள்ளி மதர் எத்தனை முறை அதட்டியிருப்பார்!

மதரை நான் எடுத்த படங்கள் எல்லாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த கடைசிப் படம் வரை, அந்தக் கார்டில்தான் இருந்தன.

பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"போனா போகுது மேடம், புதுசா எடுத்துக்கலாம்."

"எடுக்கலாம் தம்பி. ஆளை யாரு கூட்டிட்டு வருவா?"

அவர் ஒரு பூச்சாடியை மேசைமேல் வைத்தார். நானும் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்து, சொன்னபடி பூச்சாடியை நாற்பது முறை படம் எடுத்தேன். புதுப் படங்கள் மேலே பதிந்துவிட்டதால் பழையவற்றை இனி மீட்கவும் முடியாதாம்.

உன் மகள் கல்யாண ஆல்பத்தில் உனக்குப் பின்னால் மதர் நிற்கும் படம் ஒன்று உண்டு. அதை எடுத்து, மடங்காமல் இருபுறமும் அட்டை வைத்து அனுப்பு. முகம் பாதிதான் தெரியும். பரவாயில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

உன் தங்கை